பகலிலே காட்சிச்சாலை, இரவிலே விருந்துச்சாலை!

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக் காட்சிச்சாலை 1870-இல் நிறுவப்பட்டது. அது நிற்கும் நிலம் நகர மக்களுடையது, கட்டடமும் அவர்களுடையதே. ஆயினும், ஆறு நாள் உழைத்த தொழிலாளி ஏழாம் நாள் அங்கே சென்றால், கதவு அடைத்துக் கிடந்தது. காரணம்? ஞாயிறு கர்த்தரின் நாளாம்! அன்று கலையைக் காண்பது குற்றமாம்! மக்கள் விண்ணப்பம் குவித்தனர், ஏடுகள் எழுதின, 1891-இல் ஞாயிற்றுக் கதவு திறந்தது.

மக்கள் கேட்டுத் திறந்த கதவு, இன்று மாலை வேளைகளில் மக்கள் வெளியேறிய பின், நன்கொடை தரும் நிறுவனங்களுக்காக மீண்டும் திறக்கிறது. அசுவான் அணை நீரில் மூழ்காது காக்கப்பட்டு, 1965-இல் எகிப்து அமெரிக்காவுக்கு அளித்த டெண்டூர் கோயிலின் முன்னே, வணிகர் வரவேற்பும் விருந்தும் நடக்கின்றன.

கூட்டமே கூடாது என்பதன்று நம் வாதம். மருத்துவரும் பொறியாளரும் கலைகளின் நடுவே கூடிப் பேசுவதில் தவறென்ன? அந்தப் பணம் சிலையைப் பேணும், காவலருக்கு ஊதியமாகும். மறுக்கவில்லை. ஆனால், தோழர்களே, பணம் வந்த வழியே வெறுங்கையுடன் திரும்புவதில்லை. பெருமையை வாங்கிக்கொண்டே போகிறது!

சான்று அதே மண்டபத்தில் உண்டு. 1978-இல் திறக்கப்பட்ட அப்பகுதி சாக்லர் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நின்றது. அக்குடும்பத்தாரின் பர்டியூ நிறுவனம் விற்ற வலிநீக்கி மருந்து எத்தனையோ பேரை அடிமையாக்கியது. 2020-இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2018 மார்ச்சில், ஒளிப்படக் கலைஞர் நான் கோல்டினும் தோழர்களும் கோயில் முன்னுள்ள குளத்தில் மருந்துக் குப்பிகளை வீசி நியாயம் கேட்டனர். 2021 டிசம்பரில் பெயர் அகற்றப்பட்டது. பெயரை எழுதியது பணம். அழித்தது மக்களின் குரல்!

அதே 2018 மார்ச்சில்தான், அதுவரை இயன்றதைக் கொடுத்து நுழைந்த வெளியூராருக்கு 25 டாலர் கட்டாயக் கட்டணமாயிற்று. செல்வருக்கு மண்டபம், எளியவருக்குக் கட்டணமா?

மண்டபத்தைப் பெற்றவர் யார், தந்த தொகை எவ்வளவு, அது சென்ற வழி எது என்பதை வாயிலிலே எழுதி வைக்கட்டும். பணத்திற்கு ஈடாகப் பெயர் பொறிக்கும் வழக்கம் ஒழியட்டும். இரவு விருந்தின் வருவாய், பகலில் வரும் ஏழையின் நுழைவுச்சீட்டாகட்டும்!