ஆரோக்கியத்தின் சாதி எங்கே இருக்கிறது?

சாதி என்பது வெறும் புனைவு, சமூக ஒழுங்குக்குப் பயன்பட்ட கற்பனை என்று மெய்யியல் கற்றோர் கூறக் கேட்கிறோம். நம் மறையுரைகளிலும் இக்கூற்று எளிதாக வந்துவிடுகிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலைப் படித்தவர்கள் இதனை அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள். அவர் கடலூர் மாவட்டத்துக்காரர். அங்கிருந்து வெள்ளாற்றைக் கடந்தால் நம் பெரம்பலூரும் அரியலூரும். அவர் காட்டும் களத்துமேடும் காலனியும் நம் பங்குகளிலும் உண்டு.

ஆரோக்கியம் கத்தோலிக்கப் பெண். தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தவள். தீண்டாமைக்கு ஆளானவர்களே அவளைத் தமக்குக் கீழே நிறுத்துகிறார்கள்.

புனித தோமாவின் மெய்யியல், இயல்பிலேயே உள்ளதையும் மனம் ஆக்கிக்கொள்வதையும் பிரித்துக் காட்டும். இறைவனின் படைப்பில் சாதிக்கு இடமில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நாவலில் அது மனத்தோடு நின்றுவிடவில்லை. அந்தியில் வாசல்தோறும் நின்று வாங்கும் சோற்றிலும், களத்தில் கிடைக்கும் தானியத்திலும், மகள் மேரி வன்கொடுமைக்கு ஆளான பின்னும் வாய்திறக்க இயலாத மௌனத்திலும் அது இருக்கிறது. மனிதர் நாள்தோறும் தம் கைகளால் செய்வது அது. வீடும் மனிதர் கட்டியதுதான். அதனால் வீடு பொய்யாகிவிடுமா? வடக்கன்குளம் கோவிலில் சாதிப் பிரிவுக்காக நின்ற சுவரை 1910இல் இடித்தே அகற்ற வேண்டியிருந்தது.

பயனுள்ள புனைவு என்றால், பயன் யாருக்கு? நாவலின் கடினமான இடம் இதுதான். ஊர் வழக்கம் தளரும்போது ஆரோக்கியத்துக்கு விடுதலை வரவில்லை, வயிற்றுப்பாடுதான் குறைகிறது. அவள் பழைய நாள்களை எண்ணிப் புலம்புகிறாள். இந்நாவல் தலித்துகளையே குற்றவாளிகளாக்குகிறது என்று சிலர் கண்டித்தனர். அக்கண்டனம் எனக்கு ஏற்புடையதன்று. பசித்தவளின் புலம்பலை எழுதியவர் பழைய முறையைப் போற்றியவர் ஆகார்.

சட்டத்தின் ஏடு இன்னொரு விந்தை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறந்தது. புதிரை வண்ணார் தமிழ்நாட்டுப் பட்டியலில் உண்டு. திருமுழுக்குப் பெற்ற ஆரோக்கியம் அதில் இல்லை. ஏட்டில் அவளது சாதி மறைந்துவிடுகிறது. தெருவில் சோறு போடுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்குள்ள குறை ஒன்றே: ஆசிரியர் திருச்சபையிடம் இன்னும் கடுமையாகக் கணக்குக் கேட்டிருக்கலாம். பிள்ளையைக் குருவாக்க ஆசைப்படும் இத்தாயின் கதையைக் குருமட மாணவர்கள் படிக்க வேண்டும். பங்கு நூலகங்களும் ஒரு படி வாங்கி வைக்கலாம்.