பொய்த் தந்தைக்கு மெய்யான மரியாதை

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தைச் சிரித்து மகிழ்ந்தோர் பலர். அது செல்வச் செருக்கைக் கேலி செய்வதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. வேலையிழந்து தம் வீட்டெதிரே போராடும் அசோக்கைச் செல்வர் விசுவநாதன் (பாலையா) துச்சமாக மதிக்கிறார். அவன் கோடீசுவரரின் மகன் என்று கேட்டதும் குழைகிறார். நண்பன் வாசு முதியவர் வேடமிட்டுப் பொய்த் தந்தையாக வர, பாலையாவின் முதுகு தானே வளைகிறது. இளைஞன் மாறவில்லை, மாறியது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமே.

மகன் செல்லப்பாவும் (நாகேஷ்) பகட்டுக்காரன்தான். படமெடுக்கப் பணமின்றியே 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்துகிறான். ஆயினும் அப்பகட்டு எவரையும் தாழ்த்துவதில்லை. தந்தையின் பணிவோ ஏழையை மிதித்தெழும் பணிவு. அவரைப் படம் எளிதில் மன்னித்துவிடுவது ஒரு குறையே.

நம் திருமண வீடுகளில் முன்வரிசை நாற்காலி எவருக்கு? சிரித்து ஓய்ந்தபின் நம்மைத் தொடரும் வினா இது.