ஓய்வுக்குப் பிறகு பேசுகிறவள்

பணியில் இருந்தவரை வாய் திறக்காமல், ஓய்வூதியம் உறுதியான பிறகு பேசுவது என்ன நேர்மை? மேலதிகாரிகளின் தவறுகளைப் பற்றி ஓய்வுபெற்ற பெண் அதிகாரி பேசினால், முதலில் வரும் கேள்வி இதுதான். லண்டன் பெருநகரக் காவல்துறையில் 30 ஆண்டுகள் பணியாற்றிய பார்ம் சந்துவின் தன்வரலாற்றை (‘பிளாக் அண்ட் புளூ’, 2021) இந்தக் கேள்வியோடு வாசிக்கலாம்.

அடிபட்டுக் கன்றிப்போன உடலைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் அது. தோலின் நிறமும் சீருடையின் நீலமும் அதற்குள் இருக்கின்றன. பர்மிங்காமில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்தவர் சந்து. 16 வயதில் மணம் முடித்து வைத்தார்கள். கணவனின் வன்முறையிலிருந்து மகனோடு லண்டனுக்குத் தப்பினார். 1989இல் காவல்துறையில் சேர்ந்து தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்தார். 2018இல், அரச பதக்கத்துக்குத் தன்னைப் பரிந்துரைக்கச் சக அதிகாரிகளைத் தூண்டியதாக அவர்மீது கடும் ஒழுங்கீன விசாரணை வந்தது. 2019இல் குற்றமில்லை என்று முடிந்தது; அதே ஆண்டு ஓய்வுபெற்றார். இன, பாலினப் பாகுபாடு குறித்து அவர் தொடுத்த வழக்கு 2020இல் சமரசமானது.

2021 மார்ச்சில் சாரா எவரார்ட் என்ற இளம்பெண்ணைக் காவலர் ஒருவர், கைது செய்வதாக நடித்துக் கடத்திக் கொன்றார். அந்த வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்ட வேளையில் சந்து வானொலியில் சொன்னதுதான் நம் கேள்விக்கான பதில். ஆண் சகாக்கள்மீது புகார் கொடுக்கப் பெண் காவலர்கள் அஞ்சுகிறார்கள். தெருவில் ஆபத்தில் சிக்கி உதவிக்கு அழைத்தால் யாரும் வராமல் போய்விடுவார்களோ என்பதே அந்த அச்சம். பதவி உயர்வு போகும் என்ற கவலையைவிட இது ஆழமானது. பணியில் இருப்பவளின் உயிரே சகாக்களின் கையில் இருக்கிறது. அப்படியானால், அவள் தாமதமாகப் பேசுவதை அவள் சொல்லை ஐயப்படுவதற்கான காரணமாக்க முடியாது. அந்தத் தாமதமே நிறுவனத்துக்கு எதிரான சாட்சியம்.

நூலின் துணைத் தலைப்பு ‘ஒரு பெண்ணின் கதை’ என்கிறது. அதன் வலிமையும் எல்லையும் அங்கேதான். தன்வரலாறு தாக்குப்பிடித்தவளைத்தான் நாயகியாக்கும். ஐந்தே ஆண்டில் வேலையை விட்டவளுக்கும், கான்ஸ்டபிளாகவே ஓய்வுபெற்றவளுக்கும் பதிப்பாளர் கிடைப்பதில்லை. உயர்பதவிதான் ஒருத்தியின் சொல்லுக்குக் காது தருகிறது என்றால், அதிகாரப் படிநிலை அவள் ஓய்வுபெற்ற பிறகும் தொடர்கிறது என்றே பொருள்.

உச்சியில் ஒரு பெண் அமர்ந்தால் போதும் என்பாரும் உண்டு. 2017 முதல் 2022 வரை அந்தத் துறையின் ஆணையர் கிரெசிடா டிக். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2023 மார்ச்சில் வெளியான லூயிஸ் கேசியின் ஆய்வறிக்கை, இனவெறியும் பெண்வெறுப்பும் தன்பாலீர்ப்பாளர் வெறுப்பும் அந்தத் துறையில் நிறுவனமயமாகி இருப்பதாகச் சொன்னது. பெண்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தவைதான் இவை. ஒருத்தி சொன்னபோது மனக்கசப்பாக இருந்தது, அறிக்கையில் வந்தபோது உண்மையாகிவிட்டது.

எனவே ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்ற கேள்வியை அவளிடம் கேட்பதை நிறுத்துவோம். அப்போதே சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று துறையிடம் கேட்போம். இன்று சீருடையில் இருப்பவளுக்கு அந்தப் பதில் உடனே தேவைப்படுகிறது.