ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே

ஆலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே மரங்கள் வளர்க்கச் சொல்லும் விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. இந்தியாவில் பெரிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில், 33 சதவீத இடம் பசுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முன்பு வழக்கமாக இடம்பெற்றது. இவ்வளவு நிலத்தை முடக்குவானேன், ஒரு மதில் போதாதா என்பார்கள். இரைச்சலைத் தடுக்க மதில்தான் கெட்டி; நாலு மரம் அதற்கு ஈடாகாது. தூசி விஷயம் அப்படியல்ல. மதிலில் மோதிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். இலைகளுக்குள் நுழையும் காற்றோ வேகம் தணிந்து, சுமந்து வந்ததை அங்கேயே விட்டுவிடும். ஆலையோரப் புங்க இலையில் விரலை இழுத்துப் பாருங்கள்: பச்சைக் கோடு விழும், சுற்றிலும் சாம்பல் பூச்சு. பெயருக்கு ஒற்றை வரிசையாக நெட்டிலிங்கம் நட்டால் இது நடக்காது. உயர்ந்த மரங்களுக்கு அடியில் புதர்களும் அடர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் தூசி கீழ்வழியாகவே வீட்டுக்கு வந்துவிடும்.