கடைமடைக் கணக்கு

சென்ற தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து வந்த என் அக்காள் மகன் எனக்கு ஒரு பனியன் சட்டை கொண்டு வந்து கொடுத்தான். அவன் அங்கே ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். சட்டை இளம்பச்சை நிறம். போட்டிருப்பதே தெரியாத மிருது. கழுத்தில் ஒரு நூல், நூலில் ஓர் அட்டை, அட்டையில் ஓர் இலைப் படம். இதை வாங்குகிறவர் பூமிக்குத் தீங்கு செய்யாமல் வாங்குகிறார் என்ற பொருளில் இங்கிலீஷில் நான்கு வரிகள் இருந்தன.

பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறவன் நான். அட்டையை இரண்டு முறை படித்தேன்.

"இதையெல்லாம் யாருடா எழுதுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்குன்னு தனி இலாகாவே வச்சிருக்காங்க மாமா. வருஷா வருஷம் பெரிய அறிக்கை போடுவாங்க. நீங்க படிச்சா ரசிப்பீங்க."

அவன் கேலியாகச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஊருக்குப் போனவன் மறக்காமல் அனுப்பி வைத்தான், ஒன்றல்ல, மூன்று கம்பெனிகளின் அறிக்கைகளை. எல்லாம் மேல்நாட்டுக் கம்பெனிகள். வாராவாரம் புதுப் புது மோஸ்தரில் மலிவாகத் துணி விற்பவை. ஃபாஸ்ட் ஃபேஷன் என்று இந்த வியாபாரத்துக்குப் பெயர். கடையில் சட்டை தொங்குகிற காலமும் குறைவு, வாங்கினவர் உடம்பில் அது இருக்கிற காலமும் குறைவு. இப்படிப்பட்ட வியாபாரத்தைத் தர்மத்துக்கும் இயற்கைக்கும் ஒத்ததாக மாற்றிக்கொண்டு வருகிறோம் என்பதுதான் மூன்று அறிக்கைகளின் கதைச் சுருக்கம்.

கதை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. கல்லூரியையே இரண்டு ஆண்டோடு விட்டவன். எனக்குத் தெரிந்த ஒரே காரியம் கதை எழுதுவதும் பிறர் கதையில் ஓட்டை கண்டுபிடிப்பதும். ஆகவே இந்த அறிக்கைகளை ஒரு நாவலைப் படிப்பது போலவே படித்தேன்.

முதல் குறை, பாத்திரங்கள் இல்லை. "குறைக்கப்படுகிறது", "உறுதி செய்யப்படுகிறது", "மேம்படுத்தப்பட்டு வருகிறது" என்று வினைகள் வரிசையாக வருகின்றன. யார் குறைக்கிறார்கள், யார் உறுதி செய்கிறார்கள் என்று தேடினால் எழுவாயைக் காணோம். நடுநடுவே பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற பெண்ணின் படம் இருக்கிறது. அழகாகச் சிரிக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, சம்பளம் இல்லை. இரண்டாவது குறை, எல்லா நல்ல காரியமும் எதிர்காலத்தில் நடக்கிறது. 2030இல் இது நடக்கும், 2040இல் அது நடக்கும். புது எழுத்தாளன் ஒருவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால், "தம்பி, கதாநாயகன் இன்றைக்கு என்ன செய்தான் என்று எழுது" என்று திருப்பி அனுப்புவோம்.

மூன்றாவது குறைதான் பெரியது. ஒரு சட்டைக்குத் திருப்பூருக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது மூன்று அறிக்கைகளில் ஒன்றிலும் இல்லை. மின்சாரக் கணக்கு இருக்கிறது, தண்ணீர்க் கணக்கு இருக்கிறது, அட்டைப் பெட்டிக் கணக்குக்கூட இருக்கிறது. விலை மட்டும் இல்லை. கொலை நடந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத் துப்பறியும் நாவலை விற்பது போன்ற வேலை இது.

அட்டையில் எழுதுவதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை என்று அந்த நாடுகளிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் 2022இல் எச் அண்ட் எம், டெகாத்லான் ஆகிய இரண்டு கம்பெனிகளின் பசுமை விளம்பரங்களை ஆராய்ந்தது. தெளிவாகவும் போதிய ஆதாரத்தோடும் அவை இல்லை என்று கண்டது. இரண்டும் அந்த வாசகங்களைத் திருத்தவோ நிறுத்தவோ ஒப்புக்கொண்டன. நற்காரியங்களுக்கென்று முறையே ஐந்து லட்சமும் நான்கு லட்சமும் யூரோ கொடுக்கவும் சம்மதித்தன.

இந்த அறிக்கைகளை முடித்த கையோடு, சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். திருப்பூரின் சாயக்கழிவும் அதில் அகப்பட்ட மனிதர்களுமே அந்த நாவலின் பொருள். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை'யும் நினைவுக்கு வந்தது. ஐந்து நண்பர்களின் வாழ்வின் வழியே அந்த ஊர் வளர்ந்த கதையைச் சொல்வது அது. இந்த நாவல்களில் குறை சொல்ல இடம் உண்டு. எந்த நாவலில்தான் இல்லை? ஆனால் இவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள். பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யார் கையில் தங்குகிறது என்று தெரிகிறது. கம்பெனி அறிக்கை எதை விட்டுவிட்டது என்று தெரிய வேண்டுமானால் நாவலைப் படியுங்கள் என்றே சிபாரிசு செய்வேன்.

தஞ்சாவூர்க்காரனுக்குத் திருப்பூர் ஆற்றின் மேல் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து வருகிற நொய்யல், கரூர் ஜில்லாவில் காவிரியோடு கலக்கிறது. மேட்டூர் அணைக்குக் கீழே கலக்கிற ஆறு அது. அங்கிருந்து முக்கொம்பு, கல்லணை, பிறகு நம் வெண்ணாறும் குடமுருட்டியும். திருப்பூரின் கீழ்மடையில் இருக்கிறவர்கள் நாம்.

அந்த ஆற்றுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தித் துணியில் இன்றைய சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பை நிறையப் போட வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. உப்பு அத்தனையும் கழிவுநீரில்தான் போகும். சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் செய்தால் நிறம் போய்விடும், உப்பு போகாது. நிறம் போனதும் குற்றமும் போயிற்று என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயலும் கிணறும் ஒப்புக்கொள்ளவில்லை. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாயிற்று. அணையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவது நம் ஊர் வழக்கம். அங்கே, தயவுசெய்து திறக்காதீர்கள் என்று விவசாயிகள் கேட்க வேண்டியதாயிற்று.

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவானது. உத்தரவு நிறைவேறாமல் இழுத்துக்கொண்டே போகவே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி தொட்டிக்கே கொண்டு வருகிற நிலையங்களைச் சீர்செய்து ஓட்டினார்கள். மீட்ட தண்ணீரில் மறுபடி சாயம் போடுகிறார்கள். உலகத்தில் சாயத்தொழில் நடக்கிற மற்ற ஊர்களுக்கு இதில் பாடம் உண்டு. கள்ளத்தனமாகக் கழிவை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்காக நடந்த நல்லதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இதை நடத்தி வைத்தவர்கள் யார்? கீழ்மடை விவசாயிகள். செலவை ஏற்றவர்கள் யார்? சாயப்பட்டறைக்காரர்களும் அரசாங்கமும். இலைப் படம் போட்டு அதன் புகழை வாங்கிக்கொள்கிறவர்கள் யார்? அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஜில்லாவில் எல்லோரும் அறிந்த ஒரு கணக்கு உண்டு. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று பத்திரிகையில் பெரிதாக வரும். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயி அதைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வாய்க்காலைப் போய்ப் பார்ப்பான். தண்ணீர் வந்திருந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கம்பெனியின் தர்மத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தலைமடையில் திறந்துவிட்ட நல்லெண்ணம் கடைமடையில் தைக்கிற பெண்ணுக்கும், ஆற்றங்கரைக் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்ததற்கு அவர்கள் சாட்சி சொல்வார்களா?

இந்த இடத்தில் நான் என் வீட்டுக் கதையையும் சொல்லாமல் போனால் யோக்கியமாகாது. என் பாட்டனாருக்கு நிலம் இருந்தது. பொங்கல்தோறும் பண்ணையாட்களுக்கு வேட்டியும் புடவையும் கொடுப்பார். நல்ல முரட்டுத் துணி, குறை சொல்ல முடியாது. தர்மப் பிரபு என்று பெயரும் இருந்தது. அவரே கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டபோது, "நன்றி கெட்டவர்கள்" என்று பொருமினார் என்பதை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். வேட்டி அவர் இஷ்டப்பட்டுக் கொடுத்தது, வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். கூலி அப்படியல்ல. அதனால்தான் வேட்டி கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அந்த நாளில் இந்த ஜில்லாவில் பண்ணையாளின் நிலையை மாற்றியது பொங்கல் வேட்டி இல்லை. சங்கம் கட்டினார்கள்; அடியும் பட்டார்கள். 1948இல் மாயவரத்தில் கூலி ஒப்பந்தம் ஏற்பட்டது, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் ஒரே குடிசையில் எரிந்து போனார்கள். கூலித் தகராறுதான் அதற்கும் வித்து. நல்ல மனத்தை நம்பியிருப்பதற்கும், எழுதிக் கையெழுத்திட்ட உரிமைக்கும் உள்ள தூரத்தை எங்கள் மண் அறிந்த அளவு வேறு மண் அறிந்திருக்காது.

திண்டுக்கல்லில் நடந்ததை அதனால்தான் மிகவும் கவனித்துப் படித்தேன். அங்கே ஓர் ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டாள். குற்றம் சாட்டப்பட்டவன் அவளுடைய மேற்பார்வையாளன். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதை விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையோடும் எச் அண்ட் எம் கம்பெனியோடும் ஒப்பந்தம் கண்டது. பிறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் கையெழுத்திட்டன. புகார் செய்யும் முறையும், தைக்கிற வரிசைகளில் சங்கம் பயிற்றுவித்த பெண் கண்காணிப்பாளர்களும் ஏற்பட்டன. ஆலை வாக்குத் தவறினால், வாங்குகிற கம்பெனி வியாபாரத்தில் அதற்குத் தண்டனை விதித்தே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். முதல் வருஷத்தில் 185 புகார்கள் வந்தன. மூன்று தவிர எல்லாம் தீர்ந்தன என்று ஒப்பந்தத்தின் அறிக்கை சொல்கிறது.

நூற்றெண்பத்தைந்து புகார் என்றால் ஆலை மோசமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. புகாரே இல்லாத ஆலையைத்தான் நான் சந்தேகப்படுவேன். என் பாட்டனாரின் பண்ணையிலும் புகார் கிடையாது.

இதையெல்லாம் நான் சொன்னபோது மருமகன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா பையர்கிட்ட பத்து ரூபா கூடக் கேட்டா, ஆர்டர் பங்களாதேஷுக்குப் போயிடும். நாங்க நாப்பது பேரு வீட்லே உட்காரணும்" என்றான்.

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பதிலும் பங்களாதேஷிலேயே இருக்கிறது. 2013 ஏப்ரல் 24ஆம் தேதி டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே கட்டடப் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் உருவாயிற்று. இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அதில் சேர்ந்தன. எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டதால், ஒருவன் மட்டும் நல்லவனாக இருந்து நஷ்டப்படுகிற சங்கடம் குறைந்தது. ஒருவன் வரப்பை மட்டும் உயர்த்தினால் வெள்ளம் பக்கத்து வயலில் போய் நிற்கும். ஆற்றுக் கரையை ஊர் கூடித்தான் கட்ட வேண்டும்.

ஆகவே ஒரு கம்பெனி உண்மையாகவே திருந்த நினைத்தால், செய்ய வேண்டியவை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தைக்கிறவர் சங்கத்தோடு கட்டுப்படுகிற ஒப்பந்தம் போடட்டும். சாயநீரைக் காய்ச்சுகிற செலவு சேர்ந்த விலையைக் கொடுக்கட்டும். கடைசி நேரத்தில் மாதிரியை மாற்றிவிட்டு அதே தேதிக்குக் கேட்காமல் இருக்கட்டும். ராத்திரி வேலை அங்கேதான் பிறக்கிறது. 2020இல் தொற்றுநோய் வந்தபோது, தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாமென்று சொன்ன கம்பெனிகள் பல. அப்படிச் சொல்ல முடியாதபடி எழுத்தில் இருக்கட்டும். கடைசியாக, குறைவாகச் செய்யட்டும். நான்கு முறை போட்டு எறிகிற சட்டையை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், எறிவதற்காகச் செய்ததுதான். இந்த ஐந்தாவது காரியத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் என்னையும் பார்த்திருப்பீர்கள்.

பொங்கலுக்கு மருமகன் மறுபடி வந்தான். நான் அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அட்டை என்னவாயிற்று என்று கேட்டான். மேஜை மேல் இருக்கிறது என்றேன். எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்: "தைத்தவளுக்கு என்ன கொடுத்தார்கள்?"

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன் மாமா" என்றான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.