ஓர் ஆள் உயரக் கரை

மொன்றியல் தீவின் வடமேற்கு மூலையில், பியர்பொன்ட்ஸ் முடியும் இடத்தில், காப்-சான்-ஜாக் என்ற நிலமுனை இரட்டை மலை ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர், நடுவே காடும் வயலும். 300 ஹெக்டேருக்கு மேல் பரந்த இந்த இயற்கைப் பூங்காவில், கரையோரமாகப் போய்ப் பண்ணை வழியாகத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். டோலார்-தே-ஓர்மோ முருகன் கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு இது பக்கத்து ஊர்தான். ஆனாலும் நம்மவர்களில் பலர் ஜூலையில் மணற்கரையில் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நடப்பவர்கள் குறைவு.

செங்குத்துப் பாறையையும் மோதும் அலையையும் தேடிப் போனால் இங்கே ஏமாற்றம்தான். இந்தக் கரையின் உயரம் பல இடங்களில் ஓர் ஆள் அளவுகூட இராது. அந்தச் சிறு உயரத்தைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் போதும். எந்த மரம் எங்கே நிற்கும், எங்கே உழலாம், எந்த வீட்டுக்குள் வெள்ளம் புகும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமைந்திருப்பது தெரியும்.

முதலில் கரையோரமாகப் போங்கள், வயலைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். உடம்பு புத்துணர்ச்சியாக இருக்கும்போதே அதை முகத்தில் வாங்கிவிடுவது நல்லது.

தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். அது அழுக்கல்ல. ஒட்டாவா ஆறு வடக்கின் காடுகளிலும் சதுப்புகளிலும் ஊறி வந்து அந்தப் பழுப்பைப் பெறுகிறது. அந்த ஆறு அகன்று விரிந்த இடமே இந்த ஏரி. இங்கிருந்து ஒரு கிளை ரிவியேர் தே ப்ரேரி என்ற பெயரில் பியர்பொன்ட்ஸின் வீட்டுப் பின்புறங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. தீவின் தென்புறம் ஓடும் சென் லோறன்ஸ் ஆற்றின் நீரோ பெரிய ஏரிகளிலிருந்து வருவது, தெளிந்த பச்சை. தீவைத் தாண்டிச் சேர்ந்த பிறகும் இரண்டு நிறங்களும் நெடுந்தூரம் கலக்காமல் பக்கம்பக்கமாக ஓடும்.

அடுத்து, மரங்கள். நீர் விளிம்பில் வெள்ளி மேப்பிள் நிற்கும். அதன் இலை ஆழமாக வெட்டுண்டு, அடிப்புறம் வெளிறியிருக்கும். சில அடி மேலே ஏறினால் சர்க்கரை மேப்பிள், பீச், பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும் ஹிக்கரி. இந்த மாற்றம் எவ்வளவு குறுகிய தூரத்தில் நடந்துவிடுகிறது என்று பாருங்கள். வெள்ளி மேப்பிளின் விதை வசந்தத்தின் கடைசியில், வெள்ளம் வடியும் சமயமாகப் பார்த்து விழுந்து, ஈரச் சேற்றில் உடனே முளைத்துவிடும். சர்க்கரை மேப்பிளின் விதை இலையுதிர் காலத்தில் விழுந்து, பனியைக் கடந்து, மறு வசந்தத்தில் முளைக்கும். வெள்ளத்தின் நேரத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொண்ட மரம் கீழே, வெள்ளத்தில் வேர் மூழ்கக் கூடாத மரம் மேலே.

வெள்ளி மேப்பிளின் அடிமரத்தில் சாம்பல் நிறச் சேற்றுக் கறை படிந்திருக்கும். கிளைக் கவட்டில் காய்ந்த புல் சிக்கியிருக்கும். வசந்தத்தில் நீர் எதுவரை ஏறியது என்பதற்கு அவையே சாட்சி. 2017 மே மாதத்திலும் 2019 ஏப்ரலிலும் இதே நீர் பியர்பொன்ட்ஸ் தெருக்களுக்குள் வந்தது. நகரம் அவசர நிலையை அறிவித்தது, ராணுவம் வந்தது, மண்மூட்டைகள் அடுக்கப்பட்டன. வெள்ளி மேப்பிள் நிற்கும் உயரத்தில் வீடு கட்டிய இடங்களே அதிகம் நனைந்தன. பியர்பொன்ட்ஸில் வீடு வாங்க நினைப்பவர்கள் இந்தக் கரையில் ஒருமுறை நடந்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

முனையைச் சுற்றி உள்ளே திரும்பினால் பண்ணை. டி-த்ருவா-பியேர் என்ற அமைப்பு இங்கே நெடுங்காலமாக ரசாயனமில்லாத விவசாயம் செய்து, வேலை கிடைக்கத் தடுமாறும் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வந்திருக்கிறது. பிள்ளைகள் ஆடு, கோழிகளிடம் ஓடட்டும். நீங்கள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். மொன்றியல் சமவெளியின் களிமண் கடலடியில் படிந்தது. பனிக்கட்டியின் பாரத்தில் நிலம் தாழ்ந்திருந்த காலத்தில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் உள்ளே புகுந்து சாம்ப்ளேன் கடலாக நின்றது. மொன் ரோயால் மலை அப்போது ஒரு தீவு. 1849இல் வெர்மான்டில், கடலிலிருந்து வெகு தொலைவில், ரயில் பாதைக்குத் தோண்டியபோது அந்தக் களிமண்ணுக்குள் ஒரு பெலுகா திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடைத்தது. பாரம் நீங்கி நிலம் உயர, கடல் வடிந்தது. இதைக் கடற்கரை நடை என்று சொல்வதானால், அந்தப் பெயர் இந்த வயல்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

வயல்கள் ஏன் ஒடுங்கி நீண்டிருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றக் காலத்தில் ஆறே சாலை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றங்கரையில் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால், கரையிலிருந்து உள்நோக்கி நாடா நாடாவாக நிலத்தைப் பிரித்தார்கள். பழைய வேலி வரிசைகளில் அந்தக் கோடுகள் இன்னும் நிற்கின்றன.

கால் ஒத்துழைத்தால் பக்கத்தில் உள்ள ஆன்ஸ்-ஆ-லோர்ம் வயல்வெளியையும் விடாதீர்கள். ஜூன் காலையில் அங்கே பாபோலிங்க் பாடும். வயிறு கறுப்பு, பிடரி வெளிர்மஞ்சள், சுரம் விட்டுச் சுரம் தாவும் இசை. தென்னமெரிக்காவரை போய் வரும் இந்தப் பறவை வைக்கோல் புல்லுக்குள் தரையில் கூடு கட்டுவதால், புல்லை முன்கூட்டியே அறுத்தால் குஞ்சுகள் போய்விடும். இந்த வெளியில் 5,500 வீடுகள் எழ இருந்தன. மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். 2019இல் நகரம் சுமார் 140 ஹெக்டேரை 7.3 கோடி டாலருக்கு வாங்கி, புதிய மேற்குப் பெரும்பூங்காவோடு சேர்த்தது. அந்தப் பணம் சரியான இடத்தில் செலவானது என்றே நான் நினைக்கிறேன்.

எப்போது போகலாம்? மே முதல் பாதியில் காட்டுத் தரையில் ட்ரில்லியம் பூத்திருக்கும். விதையிலிருந்து ஒரு பூவுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால் பறிக்க வேண்டாம். ஜூனில் கொசு உண்டு. நீளக் காற்சட்டை அணியுங்கள், வீடு திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பாருங்கள். மூன்று மூன்று இலையாக வளரும் நச்சுக்கொடியைத் தொடாதீர்கள். அக்டோபரில் வாத்துக் கூட்டங்கள் ஏரியில் இறங்கும்.

ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் போவதென்றால் மார்ச் கடைசிதான் என் தேர்வு. இரவில் உறைந்து பகலில் உருகும் அந்த நாட்களில் சர்க்கரை மேப்பிளில் சாறு இறங்கும். கருப்பநீரும் பனங்கட்டியும் அறிந்தவர்களுக்கு அங்கே விளக்கம் தேவைப்படாது. பனஞ்சாற்றில் இனிப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல், மேப்பிளில் இரண்டுதான். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் காய்ச்ச வேண்டும். எவ்வளவு விறகு, எத்தனை மணி நேரம் என்று அவர்களே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.