வரிச்சுமையும் மக்கள் பெயரும்

அரசு ஒரு வரியை விதிக்க முற்படும்போது அதனை எதிர்ப்பவர் அனைவரும் மக்கள் பக்கம் நிற்பவரே என்று கொள்ளும் மயக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நாமும் இதற்கு விலக்கல்லோம். இலங்கையிலே காபன் வரி பட்ட பாடு, இம்மயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலையைத் தெளிவாக உணர்த்துகிறது.

2017 நவம்பர் 9ஆம் திகதி அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் இவ்வரி முன்மொழியப்பட்டது. வாகனத்தின் எரிபொருள், இயந்திரக் கொள்ளளவு, வயது ஆகியவற்றைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை அறவிடப்படும் வரி அது. மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 17 சதம் என்று அமைச்சர் கணக்குக் காட்டினார். 2018ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் அது சட்டமாகி, 2019இல் நடைமுறைக்கு வந்தது.

மகிந்த ராஜபக்ஷ தலைமையிலான எதிரணியின் ஓயாத முழக்கம் “வரிச்சுமை” என்பதாக இருந்தது. எளிய மக்களை வரியால் வதைக்கும் ஆட்சி இது என்றும், தாம் வந்தால் சுமையை இறக்குவோம் என்றும் அவர்கள் ஊரூராகப் பேசினர். சொன்னபடியே செய்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 நவம்பரில் ஆட்சி மாறிய கையோடு பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. உழைக்கும்போதே செலுத்தும் வரி நீங்கிற்று. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீங்கிற்று. காபன் வரியும் நீங்கிற்று. மாதச் சம்பளக்காரர் மகிழ்ந்தனர். மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆசிரியர்களாகிய நாமும் மகிழ்ந்தோம்.

எதிரணியின் வாதத்தில் நியாயமே இல்லை என்று கூறுதல் நேர்மையன்று. வாகனம் பழையதாகப் பழையதாக இவ்வரியின் வீதம் ஏறிற்று. பழைய வாகனத்தை வைத்திருப்பவன் யார்? புதியது வாங்க வசதியற்றவனே. புகையைக் கட்டுப்படுத்தும் நோக்கம் நல்லதெனினும், அதன் பாரம் ஏழையின் பக்கமே சாய்ந்தது. ஆனால், மக்கள் சார்பான எதிர்க்கட்சி ஒன்று இதைக் கண்டு என்ன கேட்டிருக்க வேண்டும்? “முச்சக்கர வண்டியை விட்டுவிடு, சொகுசுக் காரின் மீது இன்னும் போடு” என்றன்றோ கேட்டிருக்க வேண்டும்! அவ்வாறு கேட்கவில்லை. ஏழையின் பழைய வண்டியை முன்னே நிறுத்தி, அதன் மறைவில் பணக்காரனின் காரையும் தப்பவிட்டனர். பாராளுமன்ற உறுப்பினர்க்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்த நாட்டிலே, வாகன வரியை எதிர்த்து எழுந்த கண்ணீரைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது தவறாகாது.

பின்னர் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். குறைந்த வரி, பெருந்தொற்று, பெருகிய கடன் எல்லாம் ஒருங்கு சேர, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்திற்று. அப்போது வெற்றுத் திறைசேரியை யாரிடமிருந்து நிரப்பினர்? பெறுமதி சேர் வரி 2022இலேயே 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. பெற்றோலுக்கும் டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இருந்த விலக்கும் அகன்றது. இவற்றுக்குப் பாராளுமன்றத்தில் கையுயர்த்திய பெரும்பான்மை, முன்னர் வரிச்சுமை என்று முழங்கிய அதே அணியினரே. கார் இல்லாதவனும் இன்று ஒவ்வொரு கொள்வனவிலும் அப்பழைய மகிழ்ச்சிக்கு வட்டி கட்டுகிறான்.

கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாகச் சவளக்கடைக்கு வரும் வீதியை அறிந்தவர்க்கு இது வெறும் கணக்கன்று. மாரி மழை பெருகினால் தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும். வயலுக்குப் போகிறவரும் பள்ளிக்கு வருகிறவரும் கரையில் நிற்பர். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தினூடே சென்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் மாண்டதை இப்பிரதேசம் மறவாது. பாலமும் வடிகாலும் பொதுப்பணத்தில்தான் எழ வேண்டும். வசதியுள்ளவரிடம் வரி வாங்காத அரசு, ஒன்றில் கடன் வாங்கும், அல்லது பாலத்தைக் கட்டாமல் விடும்.

எதிர்ப்பே வேண்டாம் என்பதன்று நமது கருத்து. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் நடத்திய ஹர்த்தால் நாட்டையே நிறுத்திற்று. அது உண்பவனின் வயிற்றைக் காத்த எதிர்ப்பு. 2018இல் பிரான்சின் மஞ்சட் சட்டைக்காரரும் எரிபொருள் மீதான காபன் வரியின் உயர்வை எதிர்த்தே வீதிக்கு வந்தனர். ஆயினும், செல்வர்க்கு நீக்கிய சொத்து வரியை மீண்டும் விதி என்ற கோரிக்கை அவர்களிடையே ஓங்கி ஒலித்தது. “எம்மிடம் வாங்காதே” என்பதோடு நில்லாமல் “யாரிடம் வாங்க வேண்டும்” என்பதையும் சொன்ன எதிர்ப்பு அது. நமது எதிரணி சொல்லாமல் விட்டது அந்த இரண்டாம் பாதியையே.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையை, யானை புகுந்த நிலத்தின் உவமையை, மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். யானைக்கு உணவே கொடாதே என்று அப்புலவர் கூறவில்லை. முறையறிந்து கொள்க என்றே கூறினார். வரியை ஒழிப்போம் என்று மேடையில் முழங்குவோர் நாளையும் வருவர். அப்போது நம் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐயா, நீர் இறக்கி வைக்கும் இச்சுமையை அடுத்து யார் தலையில் ஏற்றப் போகிறீர்? அதற்கு விடை கூறாதவர் எவராயினும், அவர் மக்களின் பெயரால் வேறு யாருக்கோ வாதாடுகிறார் என்றே கொள்ள வேண்டும்.